நாடற்றோர்க்கு நாம் ஆற்ற வேண்டிய கடன்

2023-ஆம் ஆண்டு டிசம்பர் திங்கள் 17, 18 ஆகிய இரு நாட்களைத் தாமிரபரணிக் கரையில் வாழ்வோர் எளிதில் மறந்துவிட மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செண்டிமீட்டர் மழை பெய்தது. ஆறு கரை புரண்டு வண்ணார்பேட்டை, கைலாசபுரம், மீனாட்சிபுரம் ஆகிய பகுதிகளில் வீடுகளுக்குள் புகுந்தது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகள் செல்ல வழியின்றித் தவித்தபோது, அருகிலிருந்த புதுக்குடி மக்கள் தங்கள் வீட்டு அரிசியைக் கொண்டு உணவு சமைத்து அவர்களின் பசியைப் போக்கினார்கள். மார்க்கம் பார்க்காமல், சாதி கேட்காமல், ஊர் விசாரிக்காமல் நீண்ட கரங்கள் அவை.

வெள்ளம் வடிந்தது. மக்கள் வீடு திரும்பினார்கள். அப்போதுதான் மற்றோர் இழப்பு கண்ணுக்குத் தெரிந்தது. குடும்ப அட்டை, வீட்டுப் பத்திரம், பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ் ஆகிய தாள்கள் சேற்றோடு சேறாகியிருந்தன. ஆயினும் அந்த இழப்பு ஈடு செய்யக்கூடியதாக இருந்தது. ஏனெனில் மூல ஏடு அரசு அலுவலகத்தில் இருந்தது. விண்ணப்பித்தவருக்கு மறுநகல் கிடைத்தது. "இவர் நம்மவர்" என்று சொல்வதற்கு ஓர் அரசு இருந்தது.

அன்பர்களே, இங்குச் சற்று நின்று சிந்திப்போம். எந்த அலுவலகத்தின் ஏட்டிலும் பெயர் இல்லாத ஒருவனுக்கு இந்த வெள்ளம் வந்திருந்தால் அவன் எங்கே சென்று விண்ணப்பிப்பான்? பிறந்த நாடு "நீ எம்மவன் அல்லன்" என்கிறது. புகுந்த நாடு "நீ விருந்தினன் மட்டுமே" என்கிறது. இந்த இரண்டு வாசகங்களுக்கும் நடுவில் ஒரு தலைமுறையே பிறந்து, வளர்ந்து, பிள்ளை பெற்று வாழ்கிறது. அத்தகையோரைத்தான் உலகம் "நாடற்றோர்" என்று அழைக்கிறது. அவர்களுக்கு உதவ நினைக்கும் நல்லுள்ளங்கள் நம்மிடையே நிரம்ப உண்டு. ஆனால் அந்த உதவியை எவ்வாறு திட்டமிட வேண்டும் என்பதைப் பற்றி நாம் போதுமான அளவு எண்ணியதில்லை.

கங்கைகொண்டான் வரை சென்றால் போதும்

நாடற்றோரைக் காண்பதற்கு நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. திருநெல்வேலி டவுணிலிருந்து மதுரை செல்லும் வழியில் வடக்கே சிறிது தொலைவு சென்றால் கங்கைகொண்டான். அங்கு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்று உள்ளது. இத்தகைய முகாம்கள் தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேல் உள்ளன. 1983 ஜூலைக் கலவரத்தைத் தொடர்ந்து கடல் கடந்து வரத் தொடங்கிய மக்களின் எண்ணிக்கை, 2012-ஆம் ஆண்டு வரை மொத்தம் 3,04,269 என்று அரசின் கணக்கு கூறுகிறது. பலர் திரும்பிச் சென்றுவிட்டனர். 2021-ஆம் ஆண்டுக் கணக்கின்படி முகாம்களில் 58,822 பேர் எஞ்சியிருந்தனர். முகாமுக்கு வெளியே, காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு வாழ்ந்தோர் 34,087 பேர்.

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு இவர்களுக்காக 317 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட திட்டம் ஒன்றை அறிவித்தது. பழுதடைந்த 7,469 வீடுகளுக்குப் பதிலாகப் புதிய வீடுகள் கட்டுவது அதன் பெரும்பகுதி. மாத உதவித்தொகை குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாயாகவும், ஏனைய பெரியவர்களுக்கு 1,000 ரூபாயாகவும், சிறுவர்களுக்கு 500 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. "அகதிகள் முகாம்" என்ற பெயரும் "மறுவாழ்வு முகாம்" என்று மாற்றப்பட்டது. இவை யாவும் பாராட்டத்தக்கனவே. ஆயினும் வீடு தந்த பின்னரும், உணவு தந்த பின்னரும் ஒன்று எஞ்சி நிற்கிறது. முகாமில் பிறந்த ஓர் இளைஞன் பட்டம் பெறுகிறான். அரசுப் பணிக்கு விண்ணப்பிக்கச் சென்றால் குடியுரிமை கேட்கப்படுகிறது. ஆகவே அவன் பட்டத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு, சுவருக்கு வர்ணம் பூசும் வேலைக்குச் செல்கிறான். அந்த வேலை இழிவானதன்று, உழைத்துண்பது மேலானது. ஆனால் தான் விரும்பித் தேர்ந்த வேலைக்கும், வேறு கதவுகள் அடைக்கப்பட்டதால் செய்யும் வேலைக்கும் இடையே உள்ள வேறுபாட்டை அவன் தந்தை அறிவார், அவனும் அறிவான்.

ஒரு தேதியின் இரு பக்கங்கள்

இந்திய நாட்டுச் சட்டப்படி, 1950 ஜனவரி 26-லிருந்து 1987 ஜூலை 1-க்கு முன்பு வரை இந்த மண்ணில் பிறந்தவர், பொதுவிதியாகப் பிறப்பாலேயே குடிமகன் ஆவார். அதற்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரின் குடியுரிமையும் பார்க்கப்படும். இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். ஒரே முகாமில், ஒரே தாய்க்கு, 1986-இல் ஒரு மகளும் 1988-இல் ஒரு மகனும் பிறந்தால், மூத்தவள் இந்தியக் குடிமகள்; இளையவன் குடிமகன் அல்லன். இருவரும் ஒரே தட்டில் உண்டவர்கள். ஒரே பள்ளியில் படித்தவர்கள். மூத்தவளுக்குத் தன் உரிமை தெரியாமலே போகலாம். தெரிந்தாலும் அதனை நிறுவுவதற்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அன்று தகரக் கொட்டகையில் அவளைப் பெற்றெடுத்த தாய்க்கு ஒரு மூட்டை அரிசி கொடுத்தவர் இருந்திருப்பார். "குழந்தையின் பிறப்பைப் பதிவு செய்துவிட்டீர்களா?" என்று கேட்டவர் இருந்தாரா? அந்த ஒரு கேள்வியின் பெறுமதி ஒரு வாழ்நாளின் பெறுமதி ஆகும்.

இந்நிலை தோன்றிய வரலாறும் நாம் அறிய வேண்டியதே. இலங்கையின் மலைநாட்டில் காப்பியும் தேயிலையும் பயிரிடுவதற்காக ஆங்கிலேயர் காலத்தில் அழைத்துச் செல்லப்பட்டவர்களில் திருச்சி, மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளைச் சேர்ந்தோர் பலர். இலங்கை விடுதலை பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம் ஏறத்தாழ ஏழு இலட்சம் மலைநாட்டுத் தமிழரை நாடற்றோராக்கியது. மறு ஆண்டு வந்த சட்டம், இந்திய, பாகிஸ்தானிய வாசிகள் விண்ணப்பித்துக் குடியுரிமை பெறலாம் என்றது. ஆனால் அது கேட்ட சான்றுகள் தோட்டத் தொழிலாளியிடம் இல்லை. லயத்து அறையில் வாழ்ந்தவன் ஆவணங்களுக்கு எங்கே போவான்?

1964 அக்டோபர் 30-ஆம் நாள் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் செய்துகொண்ட ஒப்பந்தம் இவர்களைக் கணக்கிட்டது. 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது. 3,00,000 பேரை இலங்கை ஏற்பது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசுவது என்று முடிவாயிற்று. 1974-இல் அந்த எஞ்சியோரும் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். மனிதர்களைப் பாகப்பிரிவினை செய்த இந்த ஏட்டில் அவர்களின் விருப்பம் கேட்கப்பட்டதா என்ற வினாவுக்கு வரலாறு இன்னும் தலை குனிந்தே நிற்கிறது. இவர்களில் ஒரு பகுதியினர் 1958, 1977 கலவரங்களுக்கு அஞ்சி மலையிலிருந்து வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளுக்கு இறங்கினர். அங்கும் போர் வந்தது. ஆகவே பாட்டன் புறப்பட்ட கரைக்கே பேரன் அகதியாக வந்து சேர்ந்தான். முகாம்களில் உள்ளோரில் எந்த நாட்டின் குடிமகனும் அல்லாதோர் பெரும்பாலும் இவர்களே.

2019 ஜூன் திங்களில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இத்தகையோர் 65 பேர் தொடுத்த வழக்கில், அவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க இடமளித்து, மத்திய அரசு பரிவோடு பரிசீலிக்க வேண்டும் என வலியுறுத்தியது. அதே ஆண்டு இறுதியில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இடம்பெறவில்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குக் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமையால் வரும் தண்டனையிலிருந்து விலக்களித்தது. இது நிம்மதி தரும் செய்தியே. ஆனால் தண்டனையிலிருந்து விலக்கு வேறு; குடியுரிமை வேறு.

பத்தே நாட்களில் விடிந்த விடியல்

நல்ல செய்தி இல்லாமலும் இல்லை. 2003-ஆம் ஆண்டு இலங்கை நாடாளுமன்றம், 1964 அக்டோபர் முதல் அந்நாட்டில் நிலையாக வாழ்ந்துவரும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை தரும் சட்டத்தை இயற்றியது. சட்டம் வந்ததோடு யாரும் அமர்ந்துவிடவில்லை. ஐக்கிய நாடுகளின் அகதிகள் அமைப்பும், தோட்டத் தொழிற்சங்கமும், அரசும் இணைந்து திட்டமிட்டன. மக்களை நகரத்து அலுவலகத்துக்கு அழைக்காமல், அலுவலகமே தோட்டங்களுக்குச் சென்றது. எளிய உறுதிமொழிப் படிவம் ஒன்று போதும் என்று வகுக்கப்பட்டது. பத்து நாட்களில் ஏறத்தாழ 1,90,000 பேர் குடியுரிமை பெற்றனர். அரை நூற்றாண்டுத் துயரத்தின் பெரும்பகுதி, நல்ல சட்டமும் நல்ல ஏற்பாடும் கைகோத்தபோது பத்து நாட்களில் தீர்ந்தது! 2009-இல் செய்யப்பட்ட திருத்தம், போரினால் இந்தியாவுக்கு வந்துவிட்டவர்களுக்கும் அந்த உரிமையை நீட்டித்தது.

தமிழ்நாட்டிலும் 1984-இல் எஸ்.சி. சந்திரகாசன் தோற்றுவித்த ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இதற்கு நல்ல முன்மாதிரி. அகதிகளே அகதிகளுக்கு உதவும் அமைப்பு அது. முகாம்களில் பிறந்த குழந்தைகளுக்கு இந்தியப் பிறப்புச் சான்றிதழ் பெற்று, அதனைக் கொண்டு சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிவு செய்யும் பணியை அது மேற்கொண்டது. சோறும் துணியும் தருவதோடு நிற்காமல், குழந்தைக்கு ஒரு நாட்டைத் தேடித் தந்த பணி என்று இதனைச் சொல்ல வேண்டும்.

புத்தளம் கற்றுத் தரும் பாடம்

நம் சமுதாயத்தார் நெஞ்சில் ஆறாத வடு ஒன்றையும் இங்கு நினைவுகூர வேண்டும். 1990 அக்டோபரில் இலங்கையின் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர். அக்டோபர் 30-ஆம் நாள் யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு அளிக்கப்பட்ட அவகாசம் இரண்டே மணி நேரம். மாற்றுடையும் சிறு தொகையும் தவிர எதையும் எடுத்துச் செல்ல அனுமதி இல்லை. தமிழே தாய்மொழியாகப் பேசிய அம்மக்கள், நடந்தும் படகேறியும் புத்தளம் மாவட்டத்தை வந்தடைந்தனர்.

புத்தளத்து முஸ்லிம்கள் பள்ளிவாசல்களைத் திறந்துவிட்டார்கள், பள்ளிக்கூடங்களைத் தந்தார்கள், தென்னந்தோப்புகளில் குடிசையிட இடம் அளித்தார்கள். அந்த விருந்தோம்பலை எத்துணை போற்றினும் தகும். ஆனால் சில வாரங்கள் என்று எண்ணியது சில ஆண்டுகளாயிற்று. சில ஆண்டுகள் கால் நூற்றாண்டைக் கடந்தன. அதே கிணற்றில் இரு மடங்கு மக்கள். அதே வகுப்பறையில் இரு மடங்கு பிள்ளைகள். அதே கூலி வேலைக்கு இரு மடங்கு கைகள். விருந்தளித்தோர்க்கும் விருந்தினர்க்கும் இடையே மனக்கசப்பு முளைத்தது. இரு சாராரும் கலிமாச் சொன்னவர்களே. இரு சாராரும் நல்லவர்களே. குறை நெஞ்சத்தில் இல்லை, ஏற்பாட்டில் இருந்தது. வந்தவர்களுக்கு உதவி வந்தது. வரவேற்ற ஊரின் கிணற்றையும் பள்ளியையும் பெரிதாக்கப் போதிய உதவி வரவில்லை.

போர் முடிந்த 2009-க்குப் பின் ஊர் திரும்ப நினைத்தவர்களுக்கு வேறொரு தடை. அண்மையில் இடம்பெயர்ந்தோர், முன்பு இடம்பெயர்ந்தோர் என இரு வகையாக மக்கள் பிரிக்கப்பட்டபோது, முன்னவர்களுக்கே முதலுரிமை கிடைத்தது. துயரம் பழையதாகிவிட்டால் அதன் வலியும் குறைந்துவிடும் என்று எண்ணுவது நாம் அனைவரும் செய்யும் தவறு.

மதீனாவின் ஏற்பாடு

இந்தச் சிக்கல்கள் அனைத்தும் நம் பெருமானார் (ஸல்) அவர்கள் முன்னும் வந்து நின்றன. மக்காவிலிருந்து வெறுங்கையோடு வந்த முஹாஜிர்களை மதீனாவின் அன்சாரிகள் வரவேற்றனர். அண்ணலார் என்ன செய்தார்கள்? பொதுவாக உதவுங்கள் என்று சொல்லிவிட்டு அமைதி கொள்ளவில்லை. ஒரு முஹாஜிருக்கு ஓர் அன்சாரி எனப் பெயர் சொல்லிச் சகோதரர்களாக்கினார்கள். யாருக்கு யார் பொறுப்பு என்பது முதல் நாளிலேயே தெளிவாயிற்று.

சஅத் இப்னு ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்குத் தர முன்வந்தார்கள். அவர்களோ, தமக்காகப் பரக்கத்தை வேண்டிவிட்டு, சந்தைக்கு வழியை மட்டும் காட்டும்படி கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுச் சில நாட்களிலேயே சொந்தக்காலில் நின்றார்கள். கொடுத்தவரின் பெருந்தன்மையைப் பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். பெற்றுக்கொள்ள இருந்தவர் எதைக் கேட்டார் என்பதைக் கவனித்திருக்கிறோமா? அவர் கேட்டது வழி.

பேரீச்சந் தோட்டங்களைப் பங்கிட்டுக் கொடுக்க அன்சாரிகள் முன்வந்தபோது, நபிகளார் (ஸல்) அதற்கு இசையவில்லை. உழைப்பில் முஹாஜிர்கள் பங்கு கொள்வது, விளைச்சலில் இருவரும் பங்கு கொள்வது என்பதே முடிவாயிற்று. பின்னர்க் கைபர் வெற்றியால் முஹாஜிர்களுக்கு வசதி வந்ததும், பயன்படுத்தக் கொடுக்கப்பட்டிருந்த மரங்கள் அன்சாரிகளிடம் திருப்பியளிக்கப்பட்டன. உதவுவோரின் வாழ்வாதாரம் காக்கப்பட்டது. பெறுவோரின் தன்மானம் காக்கப்பட்டது. உதவிக்கு ஒரு முடிவும் வகுக்கப்பட்டது. புத்தளத்தில் தவறியவை எவை என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

"அவர்கள் நம்மவர்களா?"

நம் வட்டாரத்து முகாம்களில் வாழ்வோரில் பெரும்பாலோர் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஆவர். "நம் ஏழைகளே ஏராளமாக இருக்க, பிற சமயத்தாருக்கு நாம் ஏன்?" என்று கேட்போர் உண்டு. இக்கேள்விக்கு விடை காண்பது கடினமன்று.

இஸ்லாத்தின் முதல் அகதிகள் எங்கே சென்றார்கள்? மதீனாவுக்கு முன்பே அபிசீனியாவுக்குச் சென்றார்கள். அடைக்கலம் தந்தவர் நஜ்ஜாஷி என்னும் கிறிஸ்தவ மன்னர். குறைஷியரின் தூதர்கள் பரிசுப் பொருள்களோடு வந்து, இவர்களைத் திருப்பி அனுப்புங்கள் என்று வேண்டியபோது, ஜஅஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்களின் சொல்லை அம்மன்னர் நேரில் கேட்டார்; அடைக்கலம் வந்தோரை ஒப்படைக்க மறுத்தார். ஒரு கிறிஸ்தவர் நம் முன்னோருக்குத் தந்த அடைக்கலத்தின் கடன் நம்மீது இருக்கிறது என்றே கொள்ளலாம்.

ஸகாத் யாருக்குரியது என்பதைத் திருமறை எட்டு வகையாக வரையறுத்துள்ளது. வழிப்போக்கரும் அவற்றுள் ஒருவர். அதன் சட்டங்களை உலமாப் பெருமக்களிடம் கேட்டறிந்து அதன்படியே செலவிட வேண்டும். ஆனால் சதகாவுக்கு அத்தகைய வேலி இல்லை. ஏழைக்கும் அநாதைக்கும் கைதிக்கும் உணவளிப்போரைத் திருமறை புகழ்கிறது. அன்றைய கைதிகள் முஸ்லிம் அல்லாதோர் என்பதைத் தஃப்ஸீர் ஆசிரியர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். ஆகவே பசித்தவன் முன் நின்று சமயம் விசாரிக்கும் உரிமை நமக்கு இல்லை.

மறுபுறம், அராக்கானிலிருந்து விரட்டப்பட்ட ரோஹிங்யா மக்களும் நம் நினைவில் இருக்க வேண்டும். 1982-ஆம் ஆண்டு பர்மாவின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியது. 2017 ஆகஸ்டுக்குப் பின் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வங்காளதேசம் புகுந்தனர். 2012-க்குப் பின் ஒரு சிறு கூட்டத்தார் சென்னையை அடுத்த கேளம்பாக்கத்திலும் தங்கவைக்கப்பட்டனர். தேயிலைத் தோட்டத்துத் தமிழனுக்கும் அராக்கான் முஸ்லிமுக்கும் மொழி வேறு, சமயம் வேறு. இருவருக்கும் நேர்ந்த கொடுமை ஒன்றே. உலகில் இவ்வாறு வலிந்து இடம்பெயர்க்கப்பட்டோர் 2024 இறுதியில் 12 கோடியே 32 இலட்சம் பேர் என்று ஐக்கிய நாடுகள் அமைப்பு கணக்கிட்டது.

ஜமாஅத்தார் செய்யத்தக்கவை

திட்டமிடத் தெரியாதவர்கள் அல்லர் நாம். ரமலான் வந்தால் நோன்புக் கஞ்சிக்கு முப்பது நாளும் யார் யார் பொறுப்பு என்று முன்கூட்டியே எழுதி வைக்கிறோம். எத்தனை பேர் வருவார்கள், எத்தனை படி அரிசி, எந்தத் தேக்சா, எந்த நேரத்தில் அடுப்பு மூட்டுவது என அனைத்தும் கணக்கு. அந்தக் கணக்கறிவை இத்துறைக்கும் திருப்பினால் போதும்.

முதலாவது, கேட்டறிதல். ஜும்ஆ முடிந்ததும் வாசலில் துண்டு விரித்து வசூல் செய்துவிட்டு, பின்னர் என்ன வாங்குவது என்று யோசிப்பது நம் வழக்கம். அதனால்தான் போர்வை மிகுந்து கிடக்க, பெண்களுக்கு வேண்டிய உள்ளாடையும் குழந்தைக்குரிய பாலும் கிடைக்காமல் போகின்றன. முகாம் அதிகாரிகளின் அனுமதியை ஆட்சியர் அலுவலகம் வழியாக முறைப்படி பெற்று, முகாம் மக்களோடு அமர்ந்து பேசி, அவர்கள் சொல்வதை எழுதிக்கொண்டு வந்த பிறகே வசூல் தொடங்க வேண்டும். பெண்களின் தேவையைப் பெண்களே சென்று கேட்க வேண்டும்.

இரண்டாவது, அளவறிதல். பேரிடர் உதவிக்கு உலகத் தொண்டு நிறுவனங்கள் 1997 முதல் கூடி வகுத்த அளவுகள் உள்ளன. ஒருவருக்கு நாள் ஒன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், 2,100 கலோரி உணவு. படுத்துறங்க மூன்றரைச் சதுர மீட்டர் இடம். இருபது பேருக்கு ஒரு கழிப்பிடம். வெள்ளத்தால் 50 குடும்பங்கள், அதாவது 200 பேர், நம்மிடம் வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 3,000 லிட்டர் தண்ணீரும், பத்துக் கழிப்பிடங்களும், 700 சதுர மீட்டர் இடமும் வேண்டும். விருந்துக்கு ஐந்நூறு பேர் அமரும் கலியாண மண்டபம் இருநூறு பேர் படுத்துறங்கப் போதாமல் போகலாம். மழைக் காலத்துக்கு முன்பே அளந்து வைத்தால் அந்நாளில் தடுமாற வேண்டியதில்லை.

மூன்றாவது, தாள். இதுவே இக்கட்டுரையின் உயிர். இந்த மண்ணில் பிறக்கும் எந்தக் குழந்தையின் பிறப்பும், பெற்றோர் எந்நாட்டவர் ஆயினும், பதிவு செய்யப்பட வேண்டும். 21 நாட்களுக்குள் அறிவித்தால் எளிது. ஓராண்டு கடந்துவிட்டால் மாஜிஸ்திரேட்டின் ஆணை வேண்டும். பிறப்புச் சான்றிதழ் குடியுரிமை ஆகாது. ஆனால் அது இல்லாமல் குடியுரிமைக்கான எந்தக் கதவையும் தட்ட இயலாது. நம் சமுதாயத்தில் வழக்கறிஞர்கள் உண்டு. ஓய்வுபெற்ற வருவாய்த் துறை ஊழியர்கள் உண்டு. படிவம் நிரப்பத் தெரிந்த கல்லூரி மாணவர்கள் உண்டு. மாதத்தில் ஒரு நாள் இவர்கள் முகாமுக்குச் சென்று, பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகளைச் சரிபார்த்துத் தந்தால், அது ஆயிரம் மூட்டை அரிசிக்கு ஈடாகும். கிடைத்த சான்றுகளுக்கு நகல் எடுத்துத் தனியே பாதுகாக்கவும் உதவலாம். வெள்ளம் நமக்குக் கற்பித்த பாடம் அதுவே.

நான்காவது, வழி. அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) கேட்டது சந்தைக்கு வழி. தையல் இயந்திரமோ, தொழிற்கருவியோ, கடைகளில் நேர்மையான கூலிக்கு வேலையோ தரலாம். முகாமிலிருந்து வந்தவன் என்பதால் கூலியைக் குறைத்துக் கொடுப்பது உதவி அன்று; அநீதி.

ஐந்தாவது, அண்டை ஊர். முகாமுக்கு ஒரு குழாய்க்கிணறு போட நினைப்பவர், அதன் அருகிலுள்ள குடியிருப்புக்கும் தண்ணீர் கிடைக்கும்படி போடட்டும். பாடப் புத்தகம் தர நினைப்பவர், முகாம் பிள்ளைக்கு மட்டும் தராமல் அதே வகுப்பின் ஏழைப் பிள்ளைக்கும் தரட்டும். கசப்பு முளைக்கும் முன்பே அதன் வேரை அகற்றும் வழி இது.

ஆறாவது, தொடர்ச்சி. ஹிஜ்ரி 18-ஆம் ஆண்டு அரபு நாட்டில் கொடும் பஞ்சம் வந்தது. மதீனாவை நோக்கிப் பாலைவன மக்கள் திரண்டு வந்தனர். கலீஃபா உமர் (ரலி) சிரியாவிலிருந்து உணவுப் பொருள்களை வரவழைத்தார்கள். வந்தோரை எண்ணிக் கணக்கெடுத்து உணவளிக்கச் செய்தார்கள். மக்கள் பசி தீரும் வரை தாமும் நெய்யையும் இறைச்சியையும் தவிர்த்தார்கள். மழை பெய்ததும், வழிக்கு வேண்டிய உணவோடு அம்மக்களை அவரவர் இடத்துக்கு அனுப்பி வைத்தார்கள். வரும்போது வரவேற்றவர், திரும்பும்போதும் வழியனுப்பினார். நம் உதவியோ செய்தித்தாளில் படம் வந்ததும் முடிந்துவிடுகிறது. ஆண்டுக்கு ஒரு முறை பத்தாயிரம் தருவதைவிட, மாதந்தோறும் ஐந்நூறு தருவது நல்லது. பணம் தர இயலாதவர் மாதம் ஒரு நாளைத் தருவது அதனினும் நல்லது.

அன்புச் சகோதர சகோதரிகளே! வெள்ளம் வந்த அந்த இரவுகளில் நம்மில் பலர் சில மணி நேரம் வீடற்றவர்களாக இருந்தோம். பொழுது விடிந்தால் திரும்பிச் செல்ல ஒரு வீடும், நம் பெயரை எழுதி வைத்திருந்த ஓர் ஏடும் நமக்கு இருந்தன. முகாமில் இன்று பிறக்கும் குழந்தைக்கு அந்த இரண்டில் ஒன்றையாவது பெற்றுத் தர நம்மால் முடியும். அடுத்த ஜும்ஆவுக்குத் துண்டு விரிக்கும் முன், அந்தக் குழந்தையின் பெயர் எந்த ஏட்டிலாவது இருக்கிறதா என்று கேட்டு வருவோமாக. அடைக்கலம் தேடியோர்க்கு உதவும் கரங்களை உயர்த்தும் இறைவன், நம் எண்ணத்தைச் செயலாக்கித் தருவானாக. ஆமீன்.